இது என் கை வேலை இல்லை

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் விட்ட இடத்திலேயேதான் அவள் இன்னும் நிற்கிறாள். குளியலறை வாசலில், ஈரக் கையோடு, மகளின் பல் தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஒரு வாரமாக அவளை அப்படியே நிற்க வைத்ததற்கு என்னைத் திட்டாதீர்கள். அவளுக்கு அது ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன். இவள் பல் செட் செய்கிறவள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். இவள் பிளாஸ்டரில் அச்சு வார்த்து, அக்ரிலிக்கில் தட்டும் பல்லுமாகச் செய்து திருப்பி அனுப்புவாள். இவள் செய்த பல்லைக் காட்டிச் சிரிக்கிறவர்கள் அந்த ஊரில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருத்தருக்கும் இவளைத் தெரியாது. வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒரே மகள், வயசு ஒன்பது. முன்பல் ரெண்டும் பெரிசாக முளைத்த நாளிலிருந்து அப்பா வைத்த செல்லப் பெயர் சுண்டெலி.

அந்தச் சுண்டெலிக்கு இடது பக்கக் கீழ்த்தாடை வீங்கியது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. என்னவோ ஏதோ என்று எக்ஸ்ரே எடுத்தால் எலும்புக்குள்ளே ஒரு நீர்க்கட்டி. பால் பல் ஒன்று சொத்தையாகி, அதன் அடியில் சீழ் பிடித்து, இன்னும் முளைக்காத நிலைப் பல்லின் தலையைச் சுற்றி நீர் கோத்துக்கொண்டு பெருத்திருக்கிறது. மேலே வர வேண்டிய பல்லைத் தாடையின் அடிவிளிம்பு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

டாக்டரம்மா ரெண்டு வழி சொன்னார். ஒன்று, கட்டியோடு பல்லையும் எடுத்துவிடுவது. இன்னொன்று, பால் பல்லைப் பிடுங்கிவிட்டு, அந்த வழியாகக் கட்டிக்கு ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, அது மூடாமல் ஒரு முளையைச் செருகி, காலையும் இரவும் சிரிஞ்சால் உப்புத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது. கழுவக் கழுவக் கட்டி சுருங்கும், எலும்பு வளரும், பல் தானாக ஏறி வரும்.

“ஆனா ஜன்னல் மூடக்கூடாது. மூடிச்சுன்னா மறுபடி தண்ணி கோத்துக்கும்,” என்றார்.

அவள் ரெண்டாவது வழியைத்தான் பிடித்துக்கொண்டாள். ஊரார் பல்லையெல்லாம் செய்து கொடுக்கிறவளின் மகள் ஆயுசுக்கும் பொய்ப்பல் கட்டிக்கொண்டு திரிவதா என்று வைராக்கியம். வாயில் மாட்டிக் கழற்றுகிற அந்த முளை வைத்த தட்டையும் தன் கையாலேயே செய்தாள். கழுவுகிற வேலையையும் முதலில் அவள்தான் செய்தாள். மகளின் தலையை மடியில் அமுக்கிப் பிடித்து, கன்னத்தை இழுத்து, கத்தக் கத்தக் கழுவினாள். ஒரு நாள் சுண்டெலி அம்மாவின் விரலைக் கடித்தே விட்டது. அதற்கப்புறம்தான் லிஃப்டுக்காரர், “விடும்மா, இதை நான் பாத்துக்கறேன்” என்று சிரிஞ்சை வாங்கிக்கொண்டார்.

இன்று சாயங்காலம் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டிய நாள். அதற்காகத் தட்டைப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுபோகலாம் என்று ஆசையாகக் கையில் எடுத்தவள்தான் இப்படி நிற்கிறாள்.

இது அவள் செய்த தட்டு இல்லை.

அவள் தட்டில் நாக்குப் பக்கத்து விளிம்பை உருட்டி விட்டிருந்தாள், பிள்ளைக்கு நாக்கில் உரசக்கூடாது என்று. இதில் விளிம்பு சப்பையாக இருந்தது. மெருகு போட்ட கோடுகள் அவள் கை போகிற பக்கத்துக்கு நேர் எதிராகச் சாய்ந்திருந்தன. அதையெல்லாம்கூட விடுங்கள். முளை எங்கே? சுண்டுவிரல் நுனி அளவுக்கு நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய முளை, தேய்த்து மழித்து ஒரு அரிசி அளவுக்கு நின்றது. இது எந்த ஜன்னலையும் திறந்து வைக்காது.

“சுண்டெலி!”

“என்னம்மா?” ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாக மகள் வந்து நின்றாள்.

“இது உன் தட்டா?”

“ஆமா.”

“எப்பவும் போட்டுக்கறதேதானா?”

“ஆமாம்மா. வேற யாரோடது?”

கண்ணைப் பார்த்துச் சொன்னாள். இமைகூட ஆடவில்லை. பொய் சொன்னால் தரையைப் பார்த்துக் கால் கட்டைவிரலால் கோலம் போடுகிற பிள்ளை அது. இந்தப் புது வித்தையை எங்கே கற்றுக்கொண்டது?

“வாயைத் திற, பாப்போம்.”

“வேன் வந்துடுச்சும்மா! அப்பா சொன்னாரு, இன்னிக்கு டாக்டரம்மாவே கழுவிப் பாப்பாங்களாம்.”

வாசலில் ஹாரன் அடித்தது உண்மைதான். இன்னொரு ஷூவைக் கையில் தூக்கிக்கொண்டே ஓடிவிட்டாள்.

லிஃப்டுக்காரர் விடிந்தும் விடியாமலும் கிளம்பிப் போயிருந்தார். ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டதாம். “சாயங்காலம் நேரா கிளினிக்குக்கு வந்துடறேன். இன்னிக்கு ஒரு வேளை கழுவாட்டிப் பரவாயில்ல, நீ எதுவும் தொந்தரவு பண்ணாத,” என்று சொல்லிவிட்டுப் போனதை இப்போது நினைத்துப் பார்த்தாள். காலையில் கேட்டபோது அது கரிசனமாகத் தெரிந்தது.

தட்டை ஒரு கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு லேபுக்குக் கிளம்பினாள்.

யார் வேலை என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். அந்த லேபில் இடது கைக்காரி ஒருத்திதான். அவளை எல்லோரும் மெழுகு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்நேரமும் ஸ்பிரிட் விளக்கும் மெழுகுக் கத்தியுமாகவே உட்கார்ந்திருப்பாள். இவளுக்குப் பக்கத்து மேசை. மெழுகு வந்து சேர்ந்த புதிதில் அச்சு உடையாமல் பிரிக்கக் கற்றுக்கொடுத்தது இவள்தான். இவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவள் சேர்த்து வேலை பார்ப்பாள். மதியம் ரெண்டு பேர் டப்பாவும் ஒன்றாகத்தான் திறக்கும். கூடப் பிறக்காத தங்கச்சி என்று இவளே பல பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

கைக்குட்டையைப் பிரித்து மெழுகின் மேசையில் வைத்தாள்.

“இது யார் வேலை?”

“எந்த கிளினிக்குக்கா?” என்று கேட்டபடி நிமிர்ந்தவள், தட்டைப் பார்த்தாள். மெழுகுக் கத்தி விளக்குத் தீயிலேயே நின்றது. கத்தியிலிருந்து மெழுகு சொட்டியது.

“அக்கா…”

“அக்கா நொக்கா எல்லாம் அப்புறம். சொல்லு.”

பக்கத்தில் மெருகு மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. மெழுகு விளக்கை ஊதி அணைத்தாள்.

“ரெண்டு மாசம் முன்னாடி அண்ணன் வந்திருந்தாருக்கா. நீங்க டெலிவரிக்குப் போயிருந்தீங்க. பாப்பா ஸ்கூல்ல சாப்பிடும்போது தட்டைக் கழட்டி டிஷ்யூவுல சுத்தி வெச்சிருக்கா. யாரோ குப்பைன்னு நினைச்சுக் கூடையில போட்டுட்டாங்க. அழுதுட்டே வந்து அப்பாகிட்ட சொல்லியிருக்கா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்கன்னு காலைக் கட்டிக்கிட்டாளாம்.”

“ஏன், சொன்னா நான் கொன்னுபோட்டிருவேனா?”

“நீங்க ரொம்பக் கோவப்படுவீங்கன்னு…”

“என் பிள்ளையை நான் அடிச்சு நீ பாத்திருக்கியா? ஒரு தடவை?”

“இல்லக்கா.”

“அப்புறம்?”

“பழைய அச்சு அலமாரியிலதானே இருக்கு, அதுல இன்னொண்ணு செஞ்சு குடும்மான்னு கும்பிட்டாரு. எனக்கு மனசு கேக்கல. செஞ்சேன். நீங்க பக்கத்துலயே இருக்கீங்க, எப்படிச் செய்யறது? நீங்க இல்லாத நேரம் பாத்துப் பாத்து, ஒரு வாரத்துக்கு மேல ஆயிடுச்சு.”

அவள் உள்ளுக்குள் கணக்குப் போட வேண்டியதே இல்லை. முளை இல்லாமல் ரெண்டு மூன்று நாள் விட்டாலே சதை மூட ஆரம்பித்துவிடும் என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

“அப்புறம்?”

“மறுநாளே திரும்பக் கொண்டு வந்தாரு. உள்ள போகல, குத்துது, முளையைக் கொஞ்சம் தேய்ச்சுக் குடுன்னாரு.”

“தேய்ச்ச.”

“தேய்ச்சேன்.”

“ஏன் உள்ள போகலைன்னு நீ கேக்கல?”

மெழுகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விரலில் ஒட்டியிருந்த மெழுகை உரித்துக்கொண்டிருந்தாள்.

“கேக்கலையா, இல்ல கேக்க வேண்டிய அவசியமே இல்லையா? ஜன்னல் மூடிடுச்சுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்க்கா.”

ஒரே வார்த்தை. அவளுக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டது போல இருந்தது. தெரியாமல் செய்திருந்தால்கூட மன்னித்திருப்பாள்.

“நீ தினம் கேப்பியே,” என்றாள் மெதுவாக. “டப்பாவைத் திறக்கும்போதே கேப்பியே, பாப்பாவுக்கு எப்படி இருக்குக்கான்னு. நானும் நல்லா ஆறிட்டு வருதுன்னு சொல்லுவேன். நல்லதுக்கான்னு சொல்லிட்டு நீ பாட்டுக்குச் சாப்பிடுவியே. அது எப்படிடி உன் தொண்டையில இறங்கிச்சு?”

மெழுகு அழ ஆரம்பித்தாள். “இன்னிக்குச் சொல்லிடணும், இன்னிக்குச் சொல்லிடணும்னுதான் தினமும் வருவேன். ஒரு நாள் தள்ளிப்போனா, நேத்தே ஏன் சொல்லலைன்னு கேப்பீங்களேன்னு பயம். அப்படியே தள்ளித் தள்ளி… அக்கா, நான் வேணும்னு செய்யலைக்கா.”

“சரி.”

“ஏதாவது திட்டுங்கக்கா.”

“திட்டினா உனக்கு மனசு ஆறிடும். நான் எதுக்கு ஆற விடணும்?”

தட்டை எடுத்துக்கொண்டு தன் மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். முன்னால் யாரோ ஒரு பெரியவரின் மேல் செட், பல்லெல்லாம் இளித்துக்கொண்டு காத்திருந்தது. கையில் எடுத்தாள், வைத்தாள். வேலை ஓடவில்லை.

மதியம் மெழுகு டப்பாவைத் திறக்காமல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்தாள். சாப்பிடவும் இல்லை.

வீட்டுக்காரருக்கு ஒரு போன் போட்டுக் கிழி கிழியென்று கிழித்திருக்கலாம். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். அவளும் ரெண்டு தடவை போனைக் கையில் எடுத்தாள். ஆனால் ஒரு நப்பாசை. டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தால் அவரே வாயைத் திறந்து சொல்லிவிட மாட்டாரா? மெழுகு வாயால் கேட்டது போதும், அவர் வாயாலேயே வரட்டும். அவராகச் சொல்லிவிட்டால், அழுதோ கத்தியோ சண்டை போட்டோ எப்படியாவது இதைத் தாண்டிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

மனுஷன் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. அவருக்கு யார் அழுதாலும் தாங்காது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் கதவுக்கு வெளியே நின்றபடி, “ரெண்டே நிமிஷம், பயப்படாதீங்க, இதோ ஆச்சு” என்று பேசிக்கொண்டே வேலை பார்ப்பார். அந்த ரெண்டு நிமிஷம் முக்கால் மணி நேரம்கூட ஆகும். உள்ளே இருப்பவர்கள் அதை நம்பித்தான் மூச்சு விடுவார்கள். அவர் இப்படிச் சமாளிப்பதைக் கல்யாணமான புதிதில் அவளே எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவளுக்கு அந்தக் குளியலறைச் சத்தம் ஞாபகம் வந்தது.

தினமும் காலையில் அவள் அடுப்படியில் நிற்பாள். குளியலறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே குழாய் திறக்கும் சத்தம். “ஆ காட்டு, இன்னும் கொஞ்சம், சமத்து” என்று அவர் குரல். மகள் கொப்பளித்துத் துப்புகிற சத்தம். நடுவில் ரெண்டு பேரும் கிளுகிளுவென்று சிரிப்பது வேறு கேட்கும். தன்னிடம் விரலைக் கடித்த பிள்ளை அப்பாவிடம் சிரித்துக்கொண்டே கழுவிக்கொள்கிறதே என்று அவளுக்கு ஒரு ஓரத்தில் வலித்தாலும் நிம்மதியாக இருக்கும். “கழுவியாச்சா?” என்று கேட்பாள். “கழுவியாச்சு!” என்று ரெண்டு குரலும் ஒன்றாக வரும்.

அத்தனையும் நாடகம். கழுவ அங்கே ஜன்னலே இல்லை. குழாயைத் திறந்துவிட்டு, வெறும் வாயைக் கொப்பளித்து, கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஒருத்திக்காக அப்பனும் மகளும் நடித்திருக்கிறார்கள். சிரித்தது எதைப் பார்த்து? அவளைப் பார்த்துத்தானே?

படிக்கட்டிலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். யாரோ மேலே ஏறி வருகிற சத்தம் கேட்டதும் எழுந்து முகம் கழுவப் போனாள்.

கிளினிக்கில் அவளுக்கு முன்பே லிஃப்டுக்காரர் வந்திருந்தார். மகளைப் பள்ளியிலிருந்து அவரே கூட்டி வந்துவிட்டார். சட்டையில் கிரீஸ், முகத்தில் சிரிப்பு, மடியில் சுண்டெலி.

“காலையில லிஃப்டுல மாட்டினது யாரு தெரியுமா? அந்த பில்டிங் செக்யூரிட்டியே! லிஃப்ட் ரிப்பேர், ஏறாதீங்கன்னு போர்டு மாட்டப் போனவன் உள்ள மாட்டிக்கிட்டான்.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இதை ஏற்கெனவே ஒரு தடவை கேட்டிருப்பாள் போல, அடுத்து என்ன வரும் என்று தெரிந்த சிரிப்பு. அவள் வந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“தட்டு எங்க?” என்று அவர் கேட்டார். “இவ வாயில காணோமே.”

“காலையில கழுவ எடுத்தேன்.”

அவர் சிரிப்பு ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. “வீட்டுலயே வெச்சுட்டியா? பரவாயில்ல, விடு.”

“என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?”

“என்ன சொல்லணும்?”

“டாக்டரம்மா கூப்பிடறதுக்குள்ள ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. நான் கோவப்பட மாட்டேன்.”

அவர் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் பார்த்துவிட்டாள். ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு கதவு இருந்தது, அது அவள் மூஞ்சிக்கு நேராகச் சாத்தியிருந்தது.

“ஒண்ணுமில்லையே. காலையிலேருந்து சாப்பிட்டியா நீ? முகம் ஏன் இப்படி இருக்கு?”

உள்ளே கூப்பிட்டார்கள்.

எக்ஸ்ரே எடுக்கிற மெஷின் சுண்டெலியின் முகத்தைச் சுற்றி ஒரு சுற்று வந்து நின்றது. டாக்டரம்மா படத்தைத் திரையில் போட்டார். பக்கத்திலேயே பழைய படத்தையும் போட்டார். ரெண்டையும் மாறி மாறிப் பார்த்தார். எப்போதும் சுண்டெலியிடம் ஏதாவது வம்பு பேசிக்கொண்டே வேலை பார்க்கிறவர், இப்போது நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“ஜன்னல் மூடியிருக்கே,” என்றார். “எப்பலேருந்து?”

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். சொல்லுங்க, இப்பவாவது சொல்லுங்க.

“போன வாரம்தான் டாக்டர்,” என்றார் அவர். “கொஞ்சம் கொஞ்சமா மூடற மாதிரி இருந்துச்சு.”

“அதுவரைக்கும் கழுவினீங்களா?”

“தினம் ரெண்டு வேளை. ஒரு வேளை விடல டாக்டர். சுண்டெலி, நீ சொல்லு.”

“ஆமா டாக்டர்,” என்றாள் மகள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சுண்டெலியை வெளியே இருக்கிற அக்காவோடு போய் மீன் தொட்டியைப் பார்க்கச் சொன்னார். அது போகவில்லை. அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“அப்ப நான் ஒண்ணு சொல்லியாகணும்,” என்றார் டாக்டரம்மா. “கட்டி சுருங்கல. முன்னைவிடப் பெருசாயிருக்கு. பாருங்க, பக்கத்துல இருக்கற பல்லையும் தள்ள ஆரம்பிச்சிருக்கு. சாதாரண நீர்க்கட்டியா இருந்தா, நீங்க சொல்ற மாதிரி ஒழுங்கா கழுவியிருந்தா, இந்நேரம் பாதியாவது குறைஞ்சிருக்கணும். கழுவியும் வளருதுன்னா, இது நாம நினைச்ச கட்டிதானான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு.”

“அப்படின்னா?” என்றார் லிஃப்டுக்காரர்.

“முதல்ல ஒரு ஓரத்தை எடுத்துத்தான் டெஸ்டுக்கு அனுப்பினோம். சாதாரணம்னுதான் வந்துச்சு. ஆனா ஓரத்தை வெச்சு முழுசையும் சொல்லிட முடியாது. வேற விதமான கட்டி ஒண்ணு இருக்கு. அது எலும்பை அரிச்சுக்கிட்டே போகும், எடுத்தாலும் திரும்ப வரும். இனிமே காத்திருக்கறது சரியில்ல. முழு மயக்கம் குடுத்து மொத்தமா எடுத்துடலாம். உள்ள இருக்கற ரெண்டு பல்லும் போயிடும். சுத்தி இருக்கற எலும்பையும் கொஞ்சம் சுரண்ட வேண்டி வரும். அந்தப் பக்கம் உதடு கொஞ்ச காலம் மரத்துப்போகலாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு நான் இன்னிக்கே பேசறேன்.”



அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகம் வெளுத்துப்போனது. உதடு ரெண்டு தடவை அசைந்தது. இப்போது சொல்லிவிடுவார். பெற்ற பிள்ளையின் எலும்பைச் சுரண்டப் போகிறோம் என்கிறார்கள், இதற்குமேல் எந்தத் தகப்பன் வாயை மூடிக்கொண்டிருப்பான்? சொல்லிவிடுவார்.

“நீங்க எது நல்லதுன்னு சொல்றீங்களோ… அப்படியே செய்ங்க டாக்டர்,” என்றார் அவர்.

அவளுக்குள் அத்தனை நாளும் அவர்மேல் இருந்த ஏதோ ஒன்று அந்த இடத்திலேயே அறுந்தது. பொய் சொன்னதுகூடப் பெரிசில்லை. மெழுகிடம் கும்பிட்டு நின்றதுகூடப் பெரிசில்லை. சொன்ன பொய்யைக் காப்பாற்ற மகளின் தாடையைக் கொடுக்கத் துணிந்துவிட்டாரே! இந்த மனுஷனை நம்பியா நான் கதவுக்கு வெளியே நின்றேன்?

பையைத் திறந்தாள். கைக்குட்டையைப் பிரித்துத் தட்டை டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தாள்.

“கழுவல டாக்டர்.”

“என்ன?”

“ரெண்டு மாசமா கழுவவே இல்ல. நான் செஞ்ச தட்டு ஸ்கூல்ல தொலைஞ்சுபோச்சு. இது வேற தட்டு. இது என் கை வேலை இல்ல. பாருங்க, முளையே இல்ல. முளை இல்லாம இருந்ததுல ஜன்னல் மூடிப் பல நாள் ஆச்சு. போன வாரம் இல்ல, எப்பவோ. என்கிட்ட தினமும் கழுவியாச்சு, கழுவியாச்சுன்னு சொல்லியிருக்காங்க. எனக்கே இன்னிக்குக் காலையிலதான் தெரியும்.”

டாக்டரம்மா தட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு லிஃப்டுக்காரரைப் பார்த்தார்.

“இது நிஜமா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். “பாப்பா அழுதா டாக்டர். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு தினமும் அழுதா. எனக்குப் பாக்க முடியல.”

“அழுதா அழட்டும்! நான் கேட்டப்ப வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! வேற கட்டின்னு நினைச்சு எலும்பு வரைக்கும் வெட்ட அனுப்பப் பாத்தேன். புரியுதா உங்களுக்கு?” டாக்டரம்மாவின் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. தண்ணீர் குடித்துவிட்டுக் கொஞ்சம் அடங்கினார். “சரி. கழுவாததால வளர்ந்திருக்குன்னா, அது வேற கதை. இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு. நாளைக்குக் காலையில மறுபடி ஜன்னல் திறக்கறேன், கொஞ்சம் சதை எடுத்துத் திரும்ப டெஸ்டுக்கும் அனுப்பறேன். சாதாரணம்தான்னு வந்தா பல்லைக் காப்பாத்தப் பாக்கலாம். ஆனா இதான் கடைசி. இந்தத் தடவை ஒரு வேளைகூடத் தப்பக்கூடாது. இன்னொரு தடவை மூடிச்சுன்னா பல்லை எடுத்துடுவேன், என்கிட்ட வந்து கெஞ்சக்கூடாது.”

“தப்பாது டாக்டர்,” என்றாள் அவள்.

“யாரு கழுவப் போறது? இவர்கிட்ட நான் குடுக்க மாட்டேன்.”

“நான்தான். இனிமே நான்தான்.”

“அப்ப இப்பவே பழகிட்டுப் போங்க. சும்மா தண்ணியை அந்தப் பக்கத்துப் பல்லுமேல அடிச்சுக் காட்டுங்க. நாளைக்குப் புண்ணோட இருப்பா, அதுக்கு முன்னாடி உங்க கை அவளுக்குப் பழகணும்.”

டாக்டரம்மா சுண்டெலியை நாற்காலியில் உட்கார வைத்து “ஆ காட்டு” என்றார். மகள் உடனே வாயைத் திறந்தாள். டாக்டரம்மா வாய்க்குள் பார்க்கிற கண்ணாடிக் கரண்டியை விட்டு மூடிப்போன இடத்தைத் தொட்டுப் பார்த்தார். சுண்டெலி முனகக்கூட இல்லை. பிறகு அவர் நகர்ந்துகொண்டு சிரிஞ்சை அவளிடம் கொடுத்தார்.

அவள் குனிந்தாள். மகளின் வாய் பட்டென்று மூடியது.

“திற கண்ணு. வெறும் தண்ணிதான். வலிக்காது.”

மகள் அவள் கண்ணையே பார்த்தாள். காலையில் பார்த்த அதே நேர்ப் பார்வை. ஆனால் இப்போது கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது.

“நீ அப்பாவைக் காட்டிக் குடுத்துட்ட,” என்றாள்.

“நான் உன் பல்லுக்காகத்தான்டா…”

“அப்பா அழறாரு, பாரு. நீதான் சொன்ன. எல்லார் முன்னாடியும் சொன்ன. என் வாயை நீ தொடாத.”

“சுண்டெலி, அப்படிப் பேசாதடா,” என்று பின்னாலிருந்து அவர் சொன்னார். குரல் உடைந்திருந்தது. அதைக் கேட்டதும் மகளின் முகம் இன்னும் இறுகியது.

“பாப்பா, அம்மாதான் கழுவணும். இல்லேன்னா பல்லு போயிடும்,” என்றார் டாக்டரம்மா.

“போகட்டும்.”

அவள் மகளின் கன்னத்தைத் தொட்டாள். வீங்கின பக்கம் சூடாக இருந்தது. இன்னொரு கையில் இருந்த சிரிஞ்சிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக மகளின் யூனிஃபார்மில் விழுந்தது. “வாயைத் திறம்மா, உன் காலைப் பிடிக்கறேன்,” என்றாள். மகள் ரெண்டு உதட்டையும் உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, திறக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.